கேட்காத கேள்விக்கு ஒரு பதில்

அலுவலகக் கோப்பில் அவளைப் பற்றி இப்படி இருக்கிறது: "வினவல் மொழி வடிவமைப்பாளர். சக ஊழியர்களை முழுமையாக நம்பி, இணக்கமாகப் பணியாற்றுபவர்." எழுதியவர் வேறு யாரையோ மனதில் வைத்துக்கொண்டு எழுதியிருக்க வேண்டும். தேநீர்க் கோப்பையைக்கூட இழுப்பறையில் வைத்துப் பூட்டிவிட்டுப் போகிறவள் அவள். அலுவலகம் வைத்த பெயர் டவுட்டு அக்கா. காதுபடவே கூப்பிடுவார்கள்.

அவள் வேலை பார்த்த மருத்துவமனையில் நோயாளிகளின் தகவல்கள் கணினிக்குள் மூன்று கிடங்குகளில் கிடந்தன. பெயர், வயது எல்லாம் கட்டம் போட்ட அட்டவணையில். மருத்துவர்களின் குறிப்புகள் பெட்டிக்குள் பெட்டி வைத்ததுபோல ஆவணங்களில். யாருக்கு எந்த மருந்து ஆகாது என்பது முடிச்சும் கோடுமாக ஒரு வலையில். அதனதன் பாஷையில் கேட்டால்தான் ஒவ்வொன்றும் வாய் திறக்கும். மூன்றையும் ஒரே மொழியில் பேசவைப்பது அவள் பொறுப்பு. திங்கட்கிழமை முதல் அந்த மொழி சொல்வதைப் பார்த்துத்தான் செவிலியர்கள் ஊசி போடுவார்கள்.

சோதித்துப் பார்க்க, அங்கேயே வைத்தியம் பார்த்துக்கொள்ளும் தன் மாமனாரின் பெயரைக் கொடுத்தாள். வெளியூரில் ஒரு ஊசி போட்டு, முகம் வீங்கி, மூச்சுத் திணறிப் பிழைத்தவர் அவர். மொழி சற்றும் தயங்காமல் சொன்னது: "ஒவ்வாமை இல்லை."

நேரே வலைக்கிடங்கைக் கவனிக்கும் நெட்டையனிடம் போய் நின்றாள். அவன்மேல் அவளுக்கு வெகுநாளாகவே சந்தேகம்.

"என் மாமனார் பதிவுல கைவெச்சது யாரு?"

"வந்துட்டீங்களா! இன்னைக்கு இன்னும் காணோமேன்னு பாத்தேன்."

"சிரிக்காத. வலையில அவருக்கு இருந்த கோட்டை நீதான் அழிச்சிருக்க."

"போட்டாத்தானேக்கா அழிக்கிறதுக்கு? எந்த மருந்து ஆகாதுங்கிற கேள்வியவே அவர்கிட்ட இங்க யாரும் கேக்கல. என் வலை சும்மாதான் இருக்கு. 'இல்லை'ன்னு அடிச்சுச் சொல்றது உங்க மொழி."

அவள் நம்பவில்லை. அழித்த தடயம் தேடி வலையைக் குடைந்தாள், ஒன்றும் அகப்படவில்லை. கடைசியில், வேறு வழியில்லாமல், தான் எழுதியதையே திறந்து பார்த்தாள். அட்டவணையில் வெறும் கட்டம், ஆவணத்தில் விட்டுப்போன பெட்டி, வலையில் போடாத கோடு, மூன்றுக்கும் ஒரே அர்த்தம் கொடுத்திருந்தாள்: "இல்லை". பார்க்க அழகாக, சீராக இருக்கட்டும் என்று. யார் என்ன சொன்னாலும் நம்பாதவள், யாரும் ஒன்றும் சொல்லாததை மட்டும் அப்படியே நம்பியிருக்கிறாள்.

மூன்றாவதாக ஒரு பதிலும் சேர்க்க வேண்டும், திங்கட்கிழமைக்குள் முடியாது என்று அவள் போய்ச் சொன்னதும் மேலாளர் தலையில் கைவைத்துக்கொண்டார். "ஏம்மா, ஆமா, இல்ல, ரெண்டு பதில் போதாதா? மூணாவதா ஒண்ணு வந்தா ஊசி போடறவங்க குழம்பிடுவாங்க."

"குழம்பட்டும் சார். குழம்பினா நோயாளியையே கேப்பாங்க."

"திங்கட்கிழமைன்னு மேல சொல்லிட்டேனே. உன் பேருதான் கெடும்."

"என் பேரு இங்க ஏற்கெனவே நல்லாத்தான் இருக்கு."

திங்கட்கிழமை அந்த மொழி ஊசி அறைக்குப் போகவில்லை. தவறு தன்னுடையது, நெட்டையனுடையது அல்ல என்று எழுதிக் கொடுத்தாள். பிறகு, மூன்று கிடங்குகளிலும் பதிவு இல்லாத இடத்தில் "கேட்கப்படவில்லை" என்று சொல்லும்படி மொழியை முதலிலிருந்து திருத்தி எழுதினாள்.