குவாலிட்டியிலிருந்து குவாண்டத்துக்கு

கசிவு பார்ப்பது பொறுமையான தொழில்; ஒழுங்காக நடந்தால் எதுவுமே நடக்காது. தேர்வாய் கண்டிகையில் ஏ.சி. குழாய் செய்யும் ஒரு தொழிற்சாலையின் குவாலிட்டி பிரிவில் எனக்கு அந்த வேலை. குழாயில் காற்றை ஏற்றித் தண்ணீர்த் தொட்டியில் முக்க வேண்டும். குமிழி வந்தால் ரிஜெக்ட், வராவிட்டால் பாஸ்.

எங்கள் வீட்டின் முதல் பட்டதாரி நான். எம்.எஸ்சி. இயற்பியல். குவாண்டம் தகவல் அறிவியலில் ஆராய்ச்சிக்குப் போக ஆசை. ஒரு பக்கம் தொழிற்சாலையில் வேலை நிரந்தரமாகும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. இன்னொரு பக்கம் ஆராய்ச்சிக் கூடங்களுக்கு விண்ணப்பம் போட்டுக்கொண்டிருந்தேன். இதே நிலையில் இருப்பவர்கள் நிறையப் பேர் என்று தெரியும். உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். தைரியம் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை.

பஸ்ஸில் வகுப்பு

நேரலையில் நடக்கும் இலவச இணைய வகுப்பு ஒன்றில் சேர்ந்திருந்தேன். படிக்க நேரம் கிடைப்பது ஊத்துக்கோட்டையிலிருந்து போகும் கம்பெனி பஸ்ஸில்தான். வழியில் ஓர் இடத்தில் சிக்னல் போய்விடும். பேராசிரியர் சாக்பீஸைத் தூக்கியபடி அப்படியே நின்றுவிடுவார். அடுத்த ஊர் வந்ததும், சமன்பாடு முடிந்திருக்கும்.

பக்கத்து சீட்டில் பாக்கிங் பிரிவு லட்சுமி அக்கா. ஒருநாள் என் போனையே பார்த்துக்கொண்டு வந்தவர், அது என்ன என்று கேட்டார். பிணைந்த இரண்டு துகள்களில் ஒன்றை அளந்தால், எவ்வளவு தூரத்தில் இருந்தாலும் மற்றதை அளக்கும்போது என்ன வரும் என்று தெரிந்துவிடும் என்றேன். தப்பாகப் புரிந்துகொள்ளக் கூடாதே என்று, ஆனால் அதை மட்டும் வைத்துச் செய்தி எதுவும் அனுப்ப முடியாது என்பதையும் சேர்த்துச் சொன்னேன். அக்கா என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"சேதி அனுப்ப முடியாதா? அப்போ இன்னாத்துக்கு இத்தினி பேரு இத்த புட்சிக்கினு கீறாங்க? எங்க நாத்தனாரு தடாவுல ஒரு வார்த்த சொன்னா, ஊத்துக்கோட்டைல எனக்கு அடுத்த நிமிசம் வந்துடுது!"

அளந்தால் மாறும்

எங்கள் சூப்பர்வைசர் செல்வம் சார் ஒருநாள் டீ நேரத்தில், "இன்னாம்மா எப்பப் பாத்தாலும் படிச்சிக்கினு கீற?" என்றார். மிக நுண்ணிய பொருள்களை அளக்கும்போது, அளப்பதாலேயே அவற்றின் நிலை மாறிவிடக்கூடும் என்று விளக்கினேன். அவர் டீ கிளாஸைக் கீழே வைத்தார். அந்த வாரம்தான் ஒரு கஸ்டமர், ஒழுகுகிறது என்று ஒரு வண்டி நிறையக் குழாய்களைத் திருப்பி அனுப்பியிருந்தார்.

"அப்ப நம்ம குழாயில தப்பு இல்ல. அவன் அளந்ததாலதான் ஒழுகுது. இத்த அப்டியே ஒரு மெயில்ல எழுதிக் குடும்மா" என்றார். அவர் விளையாடவில்லை. இது குழாய்க்குப் பொருந்தாது சார் என்றேன். மிச்ச டீயை அவர் குடிக்கவில்லை.

"படிச்சவங்ககிட்ட ஒரே ஒரு உதவி கேட்டா, இதான் பேஜாரு."

உண்மையைச் சொன்னது

சென்னையில் ஓர் ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்து நேர்முகத் தேர்வுக்கு அழைப்பு வந்தது. திட்ட உதவியாளர் வேலை, ஒரு வருட ஒப்பந்தம். தேர்வு வேலைநாளில். காய்ச்சல் என்று சொல்லச் சொன்னார்கள் எல்லாரும். எனக்குப் பொய் சொன்னால் உண்மையிலேயே காய்ச்சல் வரும். பிரஸ் இயந்திரம் ஓடும் சத்தத்துக்கு நடுவில் எச்.ஆர். மேடத்துக்குப் போன் செய்து, "குவாண்டம்ல ஒரு இன்டர்வியூ மேடம்" என்று உண்மையைச் சொன்னேன். "சந்தோஷம்மா, இன்டர்வியூவே வேணாம், நான் பாத்துக்கறேன்" என்றார்.

மறுநாள் காலை என் பெயர் உற்பத்திப் பிரிவுப் பலகையில் இருந்தது. எங்கள் பிரிவுக்காரர்கள் உற்பத்திக்காரர்களைக் கிண்டலாகக் 'குவான்டிட்டி' என்பார்கள். மேடத்தின் காதில் விழுந்தது அதுதான். மத்தியானம் வரை பிரஸ் பக்கத்தில் நின்றுவிட்டு, அவர் அறைக்குப் போய் எழுத்துக்கூட்டிச் சொன்னேன். லீவு கொடுத்தார். கூடவே இதையும்:

"குவாலிட்டில இருக்கிற பொண்ணு தானா வந்து குவான்டிட்டி கேக்குதேன்னு நான் ஜி.எம். கிட்டயே பெருமையா சொல்லிட்டேன். இதுக்கு நீ ஜுரம்னே சொல்லியிருக்கலாம்."

நேர்முகம்

வராந்தாவில் உட்கார்ந்திருந்தவர்கள், எந்தெந்தக் கோடைப் பயிலரங்குக்குப் போனோம் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். எனக்கு இடம் கிடைக்காத பயிலரங்குகள் எல்லாம் ஒரே இடத்தில் கூடியிருந்தன.

உள்ளே முதல் கேள்விக்கு, தெரியாது என்றேன். இரண்டாவதற்கு, பாதி தெரியும், மீதி நடந்தபோது பஸ்ஸில் சிக்னல் இல்லை என்றேன். பேனாவை மூடிவிட்டார் ஒருவர். நடுவில் இருந்த பேராசிரியை, இப்போது என்ன வேலை என்று கேட்டார். குழாயில் கசிவு பார்ப்பது என்று முணுமுணுத்தேன். அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். குவாண்டம் சிப்பைக் கடுங்குளிரில் வைக்கும் அவர்களுடைய குளிரூட்டும் இயந்திரத்தில் எங்கேயோ கசிவு. இடம் தெரியாமல் ஆராய்ச்சியே நின்றிருந்தது. "எப்படிக் கண்டுபிடிப்பீங்க?" என்றார். தண்ணீரில் முக்குவோம் என்றேன். அறையில் யாரும் சிரிக்கவில்லை.

"எங்களோடத முக்க முடியாதும்மா. ஆனா முக்கிடலாமான்னு எங்களுக்கே ஒரு தடவ தோணிச்சு."

வீட்டில்

வேலை கிடைத்துவிட்டது. அதே வாரம் தொழிற்சாலையிலும் நிரந்தரம் என்று செல்வம் சார் சொல்லிவிட்டார். நைனா வயலிலிருந்து வந்து, கால் கழுவி, எதிரில் உட்கார்ந்தார். எத்தனை வருஷம் என்றார். ஒன்று என்றேன். அப்புறம்? திட்டம் தொடர்ந்தால் நீட்டிப்பார்கள், பிஎச்.டி.க்கும் முயற்சி செய்யலாம். அது? அஞ்சாறு வருஷம். அது முடிந்தால்? போஸ்ட்டாக், அதுவும் ஆராய்ச்சிதான். அதாவது பர்மனென்ட்டா? இல்லை, நைனா. நைனா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். சமையல்கட்டிலிருந்து அம்மாதான் கத்தினார்.

"ஒரு பொய்யி சொல்லத் தெரியாம நீயெல்லாம் எப்டிடி பொழைக்கப் போற? நைனா கேக்க சொல்லவே பர்மனென்ட்டுன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா, நாங்க நிம்மதியா அனுப்பி வச்சிருப்போம் இல்ல?"

செல்வம் சார் போன்

போய்ச் சேர்ந்தேன். ஹீலியம் வாயுவை அந்தக் குளிரூட்டும் இயந்திரத்தின் ஒவ்வொரு இணைப்பின் மேலும் ஊதி, அது உள்ளே நுழைகிறதா என்று ஒரு கருவியைப் பார்க்கும் வேலை. நாள் கணக்கில் எதுவும் நுழையவில்லை. வந்தது தப்போ என்று கழிவறையில் நின்று அழுதும் பார்த்தேன். அப்போதுதான் செல்வம் சார் போன் செய்தார். என் இடத்துக்கு இன்னும் ஆள் எடுக்கவில்லையாம்; சொன்னால் பேசிப் பார்க்கிறாராம். நான் பதில் யோசிக்கும்போது, அங்கே என்ன வேலை என்று கேட்டார். கசிவு பார்ப்பது என்றேன்.

"அத்த இங்கியே பர்மனென்ட்டா பாத்திருக்கலாமேம்மா!"

யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு, ஊதிக்கொண்டிருந்த இணைப்புக்குத் திரும்பினேன். அதற்கு அடுத்த இணைப்பில் கருவியின் எண் எகிறியது. நான் கத்திய கத்தலில் பேராசிரியையே ஓடிவந்தார். செல்வம் சாருக்கு, வரவில்லை சார் என்று செய்தி அனுப்பினேன்.

அங்கே கசிவு இல்லாவிட்டால் நிம்மதி, இங்கே கசிவு கிடைத்தால் நிம்மதி, இந்த ஒரு வித்தியாசத்துக்காகத்தான் பர்மனென்ட் வேலையை விட்டேன் என்பதை வீட்டில் மட்டும் இன்னும் சொல்லவில்லை.