சேசிஸுக்குள் கருமணல்

என் பழைய வண்டியைப் பிரித்து, அதன் இரும்புச் சட்டமான சேசிஸைத் தலைகீழாகச் சாய்த்தபோது, ஹேண்டில்பார் பொருந்தும் குழாயின் வாயிலிருந்து ஒரு பிடி மணல் தரையில் கொட்டியது. கறுப்பு மணல். மெக்கானிக் அதைக் காலால் ஒதுக்கப் பார்த்தார். நான் குனிந்து அள்ளிக்கொண்டேன்.

மலைத் தோட்டத்து மேலாளர்கள் மேடு ஏறுவதற்காக ஒரு காலத்தில் வெளிநாட்டிலிருந்து வரவழைத்த டூ-ஸ்ட்ரோக் மோட்டார் சைக்கிள் அது. ஊருக்குள்ளேயே ஸ்ரீவராகத்தில் இருக்கும் ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி ஒருவரிடம் வாங்கினேன். பொன்முடி மலைப் பக்கத்து எஸ்டேட் வண்டி என்றார். பொன்முடி மண் சிவப்பு. கறுப்பு மணல் கோவளம், விழிஞ்ஞம் கடற்கரைகளில்தான் கிடக்கிறது. கீழே விழுந்த திருகுகளைப் பொறுக்க மெக்கானிக் வைத்திருந்த ஸ்பீக்கர் காந்தத்தை மணலுக்கு அருகில் கொண்டுபோனேன். பாதி மணல் எழுந்து ஒட்டிக்கொண்டது; இரும்புத் தாது கலந்த கடல் மணல்தான்.

கடற்கரையில் நின்ற வண்டியை இந்த ஊரில் யாரும் வாங்குவதில்லை. வெளியே பெயின்ட் பளபளக்கும். உள்ளே உப்பு இரும்பைத் தின்றிருக்கும். அதனால் விற்க வருகிற பழைய வண்டி எல்லாமே மலையிலிருந்து இறங்கியதாகத்தான் சொல்லப்படும். இது தெரிந்தும் வாங்கியிருந்தேன்.

மெக்கானிக் நாகர்கோவில்காரர். சாலை கடைவீதிக்குப் பின்னால் பட்டறை வைத்திருக்கிறார். குழாயை ஸ்பேனரால் இரண்டு தட்டு தட்டிவிட்டுச் சொன்னார்:

“உள்ள இரும்பு போயாச்சு சாரே. குழியில ஏறி இறங்கினா ஒடிஞ்சிரும். பின்ன என்னைக் குத்தம் சொல்லப்படாது, கேட்டேளா.”

பிறகு சுவரைக் காட்டினார். பழைய டயர்களுக்கு நடுவே அதே மாடல் சேசிஸ் ஒன்று தொங்கியது. இரண்டு வண்டியும் ஒன்றாக எஸ்டேட்டுக்கு வந்தவையாம். இத்தனை மாதம் அங்கே போய்வந்தும் அதைப் பற்றி அவர் பேசியதில்லை. டயர்களின் மேல் தூசி இருந்தது. சேசிஸின் மேல் இல்லை.

சேசிஸை மாற்றினால் அதில் பொறித்திருக்கும் எண் மாறும். பதிவு போகும். இன்ஜினை எவ்வளவு நன்றாகக் கட்டினாலும் வண்டி சாலைக்கு வராது. மாற்றாவிட்டால் ஏதோ ஒரு பள்ளத்தில் முன்சக்கரம் தனியாகப் போகலாம். ஒருவர் ஏற்கெனவே பொய் சொல்லியிருக்கிறார். இன்னொருவருக்கு விற்க ஒரு பொருள் இருக்கிறது.

மணலைப் பொட்டலமாகக் கட்டிக்கொண்டு ஸ்ரீவராகம் போனேன். அதிகாரி அதைப் பிரித்துப் பார்த்தார். திகைத்ததாகத் தெரியவில்லை. எஸ்டேட்டில் வாங்கியது உண்மைதானாம். பிறகு அவர் மகன் அதைச் சில வருஷம் விழிஞ்ஞத்துக் கடற்கரையில் ஓட்டியிருக்கிறான்.

“நான் பொய் சொல்லலை ஓய். வண்டி எங்கேர்ந்து வந்ததுன்னு கேட்டீர், சொன்னேன். அப்புறம் எங்கே நின்னுதுன்னு நீர் கேக்கவே இல்லையே. பத்திரிகையிலே எழுதறவர்தானே நீர்?”

துருப்பிடிக்காமலிருக்க ஒவ்வொரு மழைக்காலத்துக்கு முன்னாலும் குழாய்க்குள் எண்ணெய் விடச் சொல்வேன், மகனும் விட்டிருப்பான் என்றும் சொன்னார். விட்டானா என்று கேட்டேன். அவன் துபாயில் இருக்கிறான் என்றார்.

பட்டறைக்குத் திரும்பி, உள்ளே இரும்பு எப்படி இருக்கிறது என்று பார்க்கக் குழாயில் ஒரு துளை போடச் சொன்னேன். மெக்கானிக் டிரில்லை எடுத்துச் சீட்டுக்குக் கீழே வைத்தார். அங்கே வேண்டாம், மணல் தங்கக்கூடிய அடிக்குழாயில் போடுங்கள் என்றேன். சுவரில் தொங்கும் சேசிஸிலும் அதே இடத்தில் ஒன்று போடச் சொன்னேன்.

“அதுக்கு எதுக்கு? அது மலை விட்டு இறங்காத்த வண்டியாக்கும்.”

ஸ்டூலில் ஏறி அந்தச் சேசிஸை நானே இறக்கிச் சாய்த்தேன். முதலில் ஒன்றும் வரவில்லை. குலுக்கினேன். கறுப்பு மணல் கொட்டியது, என்னுடையதில் இருந்ததைவிட அதிகம். கூடவே ஒரு சிப்பித் துண்டு.

மெக்கானிக் குனிந்து சிப்பித் துண்டை எடுத்துப் பார்த்தார்.

“என்கிட்ட வித்தவனும் மலைன்னுதான் பறஞ்சான்,” என்றார்.

அவர் ஏமாந்தவரா, தெரிந்தே வைத்திருந்தவரா என்பதை அந்த முகத்தில் படிக்க முடியவில்லை.

பிறகு என் சேசிஸின் அடிக்குழாயில் துளை போட்டார். துருவாக உதிரும் என்று பயந்து காகிதம் விரித்துப் பிடித்திருந்தேன். வெள்ளியாகச் சுருள் சுருளாக இரும்பு வந்தது. சுருளில் பழைய எண்ணெய்ப் பிசுக்கு; மகன் விட்டுத்தான் இருந்திருக்கிறான். இன்னும் ஓர் இடம் கேட்டேன். அங்கேயும் அப்படியே. துளைகளை அவர் வெல்டிங் வைத்து அடைக்கும்வரை நான் நகரவில்லை.

சுவரிலிருந்து இறக்கிய சேசிஸில் துளை போடுவதைப் பற்றி இருவருமே மறுபடி பேசவில்லை. நான் கிளம்பும்போது அவர் அதைத் திரும்பச் சுவரில் மாட்டிக்கொண்டிருந்தார். மாட்டுவதற்கு முன் வாசலுக்குக் கொண்டுபோய்க் கவிழ்த்து, கடைசி மணல் வரைக்கும் தட்டிக் கொட்டினார்.