கம்பவுண்டர் ரங்கசாமியின் கான்வாஸ் கோட்டு

கம்பவுண்டர் ரங்கசாமி இறந்துபோன செய்தியை அவர் மகள் தொலைபேசியில் சொன்னபோது கோத்தகிரிப் பாதையில் மண் சரிந்து கிடந்தது. பேருந்து ஓடவில்லை. எடுப்பதற்குள் போய்ச் சேர வழியில்லாமல் வீட்டிலேயே உட்கார்ந்திருந்தேன். அவர் கையால் மருந்து வாங்கிக் குடித்த உங்களில் பலர் போயிருப்பீர்கள். போக முடியாதவள் இதை எழுதுகிறேன்.

இலங்கையிலிருந்து கப்பலேறி வந்தவர்களுக்கு இங்கே தேயிலைத் தோட்டங்களில் வேலை கொடுத்த காலம் அது. நானும் அப்படி வந்தவள்தான். அங்கே தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருத்துவச்சியாக இருந்ததால் இங்கும் அந்த வேலையே கிடைத்தது. டாக்டர் வாரத்தில் ஒருநாள் வருவார். மற்ற நாட்களில் தொழிலாளர் குடியிருக்கும் எல்லா லயங்களுக்கும் ரங்கசாமி ஐயாதான். பழைய மோட்டார் சைக்கிளில் மருந்துப் பெட்டியைக் கட்டிக்கொண்டு வெயில், பனி, மழை பாராமல் சுற்றுவார்.

ஒரு மழைக்காலத்தில் அவருடைய ரப்பர் கோட்டு கிழிந்துபோனது. புதிது வாங்க ஊட்டிக்குப் போனபோது, மருந்து எடுப்பதற்காக நானும் உடன் போயிருந்தேன். கடைக்காரர் முதலில் தோல்கோட்டைக் காட்டினார்.

"பாக்க நல்லாருக்குதுங்க. நம்ம மழைல ஊறுச்சுன்னா ரெண்டு நாளைக்குக் காயாது" என்றார் ஐயா.

ரப்பர் கோட்டும் வேண்டாம் என்றார். மழையை விடாது, ஆனால் உள்ளே வேர்வையில் நனைந்துவிடும். கடைசியில், உள்ளே கம்பளி வைத்துத் தைத்த கெட்டியான கான்வாஸ் கோட்டு ஒன்றை மாட்டிக்கொண்டு, முக்காலியில் வண்டி ஓட்டுவதுபோல் உட்கார்ந்து கைகளை நீட்டினார்.

"நின்னு பாத்தா எல்லாக் கோட்டும் சரியாத்தான் இருக்குமுங்க. உக்காந்தாத்தான் மணிக்கட்டு வெளிய தெரியும்."

பிறகு கோட்டின் கை நுனியில் தண்ணீர் ஊற்றிப் பார்க்கலாமா என்றார்.

"ஏனுங்க, நனைச்சுப் போட்டு வேண்டாம்னு போயிட்டா நான் யாருக்கு விக்கறது?" என்று கடைக்காரர் பதறினார். ஐயா சிரித்துக்கொண்டே அதையே வாங்கினார். அடியில் ஸ்வெட்டர் போட இடம் வேண்டுமென்று ஒரு அளவு பெரியதாகவே எடுத்தார்.

அடுத்த ஆடியில் பார்வதிக்கு ஏழாம் மாதத்திலேயே வலி வந்தது. நான் வந்த அதே கப்பலில் வந்தவள். பிறந்த ஆண் குழந்தை இரண்டு கைக்குள் அடங்கியது. மூச்சை இழுத்து இழுத்து விட்டது. தோட்டத்து லாரி கோயமுத்தூர் போயிருந்தது. பார்வதிக்கு ரத்தம் நிற்கவில்லை. அவளை விட்டு என்னால் நகர முடியவில்லை.

"எங்கிட்டக் குடுங்கம்மா. கோட்டுக்குள்ள வெச்சுப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போறனுங்க" என்றார் ஐயா.

குழந்தையைப் பஞ்சில் சுற்றி அவர் மார்போடு சேர்த்து வைத்தேன். பொத்தான்களை நான்தான் போட்டேன். வெளியே மழை அடித்துப் பெய்தது. ஒரு சொட்டும் உள்ளே போய்விடக் கூடாதென்று கழுத்துப் பொத்தான் வரை மாட்டிவிட்டேன்.

சாயங்காலம் அவர் குழந்தையோடு திரும்பி வந்தார். ஆஸ்பத்திரி வாசலில் கோட்டைத் திறந்தபோதே மூச்சு இல்லையாம். ஏழு மாதக் குழந்தை, என்ன செய்ய முடியும் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். ரத்தம் நின்று பார்வதி பிழைத்துக் கிடந்தாள். குழந்தையைத் தடவிப் பார்த்தாள்.

"ஒரு பொட்டுத் தண்ணி படலீங்களே ஐயா. நனையாமத்தானே கொண்டு போயிருக்கீங்க" என்றாள்.

ஐயா கோட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் மழையிலேயே நின்றார். உள்ளே வரச் சொல்லியும் வரவில்லை.

அதன்பின் எத்தனையோ வருடம் என்னிடம் கேட்டிருக்கிறார். "ஏனுங்கம்மா, துணி ரொம்பக் கெட்டிங்களா? காத்துப் போகாம அந்தப் புள்ளைக்கு மூச்சு முட்டியிருக்குமுங்களா?"

"இல்லீங்க ஐயா, அது தங்காத புள்ள" என்பேன். எனக்குத் தெரியாது. இன்றும் தெரியாது. வண்டி ஓட்டும்போது மேல் பொத்தான்களைப் போடுவதையே அவர் விட்டுவிட்டார். நெஞ்சு நனைந்து, இருமிக்கொண்டு வருவார். போட்டுக்கொள்ளச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

போன மார்கழியில் கடைசியாகப் பார்த்தபோதும் அதையே கேட்டார். "நான் பாத்துப் பாத்து வாங்குன கோட்டுங்க" என்றார். பொத்தான்களைப் போட்டது என் கை. இத்தனை வருடத்தில் ஒருமுறைகூட அவர் அதைச் சொன்னதில்லை. மறந்திருக்க மாட்டார். அவர் சொல்லாமல் விட்டதைத்தான் நான் வைத்திருக்கிறேன்.