தூக்கத்தில் உதைத்த கால்

முதலில் கட்டைவிரல் மரத்தது. கிள்ளிப் பார்த்தால் அடுத்தவன் விரலைக் கிள்ளுவது போலிருந்தது. அன்றைக்கே கட்டை அவிழ்த்திருந்தால் இதை எழுதும் வேலை எனக்கு இருந்திருக்காது.

திருமங்கலம் சந்தையிலிருந்து திரும்பும்போது வண்டி குடை சாய்ந்து, வலது முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்தது. என் மனைவியின் அண்ணன் என்னை ஊர்க் கட்டுக்காரரிடம் தூக்கிப்போனான். முட்டை வெள்ளையில் குழைத்த உளுந்து மாவு, துணி, அதன் மேல் மூங்கில் பத்தை (எலும்பு நகராமல் வைத்துக் கட்டும் சிம்பு). மொத்தம் மூன்று கட்டு, ஒரு கட்டுக்கு ஏழு நாள். நடுவில் அவிழ்த்தால் எலும்பு ஒன்று சேராது என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை.

விரல் மரக்கிறது என்று மச்சானிடம் சொன்னேன்.

"மரத்தாத்தான் மாப்ள கட்டு பிடிக்குதுன்னு அர்த்தம். இம்புட்டுப் பொறுத்துட்ட, இன்னும் நாலு நாளு பொறுக்க மாட்டியா?"

பொறுத்தேன். ஐந்தாம் நாள் விரல்கள் நாவல்பழ நிறத்துக்கு வந்தன. கட்டை அறுத்துவிட என் மனைவி பேச்சியம்மாள் அரிவாளோடு வந்தாள். அவளைத் திட்டி விரட்டியவன் நான்தான். அதனால் மச்சானை மட்டும் குற்றம் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை.

ஏழாம் நாள் நாற்றம் எடுத்தது. மதுரையில் பெரிய ஆஸ்பத்திரிக்கு வைக்கோல் பரப்பிய வண்டியில் கொண்டுபோனார்கள். டாக்டர் கட்டை வெட்டித் திறந்தார். மூக்கைக்கூடச் சுளிக்கவில்லை.

"இது காங்கிரீன் (ரத்தம் ஓடாமல் சதை அழுகுவது). சின்ன விரல் ரெண்டும் போச்சு. மத்தது உயிரோட இருக்கான்னு பார்க்கணும். கட்டைவிரலை அசைப்பா."

அசையவில்லை. நான்கு நாள் காலையும் மாலையும் கேட்டார். பல்லைக் கடித்தேன், தொடை விறைத்தது, விரல் கிடந்த இடத்திலேயே கிடந்தது.

"நாளைக் காலையில முழங்காலுக்குக் கீழே எடுத்துடுவோம். தாமதிச்சா உயிருக்கே ஆபத்து" என்றார்.

நான் கமலை (மாடு பூட்டிக் கிணற்று நீர் இறைக்கும் ஏற்றம்) இறைத்துப் பிழைப்பவன். மாட்டோடு நாள் முழுதும் சரிவில் ஏறி இறங்க வேண்டும். ஒற்றைக் காலை வைத்துக்கொண்டு எதை இறைப்பது? டாக்டரையும் திட்டினேன். அவர் கேட்டுக்கொண்டு போய்விட்டார்.

அன்று மத்தியானம் கண் அசந்தபோது அந்தக் கனவு வந்தது.

பள்ளிக்கூடத்தில் நான் கால்பந்து ஆடியவன். வெறுங்காலோடு, நெருஞ்சி முள் தரையில் ஆடுவோம். கடைசி ஆட்டத்தில் பந்து நேராக என் வலது காலுக்கு வந்தது. நான் ரெஃபரியைத் திட்டிக்கொண்டிருந்தேன். பந்து என்னைத் தாண்டிப் போய் கோலாகிவிட்டது. தோற்றோம். டிரில் வாத்தியார் அடிக்கவில்லை. "வாய்க்குப் பதிலாக் காலை நீட்டியிருக்கலாம்லடா?" என்று மட்டும் கேட்டார்.

கனவிலும் அதே மைதானம். மற்ற எல்லோரும் அதே வயதுப் பையன்கள், நான் மட்டும் மீசையோடு நிற்கிறேன். அதே பந்து வருகிறது. நான் வாயை மூடிக்கொண்டேன். உதைத்தேன்.

"ஆத்தீ!"

பேச்சியம்மாளின் சத்தத்தில் விழித்தேன். ஈரத்துணியால் என் பாதத்தைத் துடைத்துக்கொண்டிருந்தவள், தன் கையைப் பிடித்தபடி நின்றாள்.

"ஏங்க, உங்க வெரலு என் கையில எத்துச்சு! கட்டிக்கிட்டு வந்த பதினாலு வருசத்துல மொத மொதலா எத்துறீக, சந்தோசமா இருக்கு!"

கனவில் ஓடிப் பந்தை உதைத்தேன் என்றேன். மச்சான் அருகில் நின்றான். "கனவுல ஓடுறது ஆகாது மாப்ள. கெடா வெட்டணும்."

"மொதல்ல ஒன்னைய வெட்டணும்" என்றேன்.

பேச்சியம்மாள் ஓடிப்போய் டாக்டரைக் கூட்டிவந்தாள். அசை என்றார். அசையவில்லை. சரி, மறுபடி தூங்கு என்றார். அவர் முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தால் தூக்கம் எப்படி வரும்? கடைசியில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"என்ன கனவு கண்டே?"

சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"முழிச்சிருக்கிறப்ப வலிக்குப் பயந்து தொடையோட நிறுத்திக்கிறே. விரலை மறந்துடு. கண்ணை மூடிக்கிட்டு அந்தப் பந்தை உதை."

மூடினேன். நேரமானது. புழுதி தெரிந்தது, பிறகு பந்து வந்தது. கண் திறந்தபோது பேச்சியம்மாள் அழுதுகொண்டிருந்தாள். டாக்டர் என் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தார், அத்தனை வருஷம் கால்களைப் பார்த்த மனிதர், முதன்முதலாக ஒரு காலைப் பார்ப்பவர் போல.

"செத்த சதை அசையாது" என்றார் மெதுவாக. "நாளைக்குக் கத்தி வேண்டாம். பொறுத்துப் பார்ப்போம்."

சின்ன விரல்கள் இரண்டு மட்டும் போயின. புண் ஆற ஒரு வருஷம் பிடித்தது. இப்போது நொண்டித்தான் நடக்கிறேன். கமலை இறைக்கிறேன்.

கட்டுப் போட்டுக்கொண்டு இதைப் படிப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். விரல் மரத்தால் யார் பேச்சையும் கேட்காதீர்கள், உங்கள் வீறாப்பு உட்பட. அவிழ்த்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். கனவு வரும் என்று காத்திருக்க வேண்டாம். எனக்கு வந்தது.

அது எதற்கு வந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பள்ளியில் விட்ட பந்து போனது போனதுதான் என்று இருபது வருஷம் நினைத்திருந்தேன். அது என் காலுக்குள்ளேயே எங்கோ உருண்டுகொண்டிருந்திருக்கிறது. என்னுடைய கால் என்று சொல்லவே இப்போது கூச்சமாக இருக்கிறது. நான் கைவிட்ட பிறகும், என்னைக் கேட்காமல், அது தன் வேலையைச் செய்தது.

தினமும் விடிந்து எழும்முன் கட்டைவிரலை ஒருமுறை அசைத்துப் பார்க்கிறேன். அது அசையும்வரை யாரிடமும் வாய் திறப்பதில்லை.