பெரகல சந்தியில் ஒரு செம்மறி

பெரகல சந்தியில் பதுளை பஸ்ஸுக்காக நிற்கிறேன். பக்கத்தில், தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிற லெச்சுமி அக்கா ஒரு செம்மறியாட்டைச் சாக்கில் கிடத்தி வயிற்றைத் தேய்த்துக்கொண்டிருக்கிறார். வயிறு பந்தாக ஊதியிருக்கிறது. பண்டாரவளை மாட்டு டாக்டரிடம் கொண்டுபோக வேண்டுமாம். எந்த பஸ்ஸும் ஏற்றவில்லை.

“என்னாச்சுங்க?”

“தோட்டத்துல புல்லு சாக மருந்து அடிச்சிருக்காங்க தம்பி. தெரியாம மேஞ்சிருச்சு. முன்ன லயத்து வீட்டுக்கு வீடு செம்மறி நின்னுச்சு. மேய்க்க இடமில்லாம எல்லாரும் வித்துட்டாங்க. இது ஒண்ணுதான் மிச்சம்.”

பண்டாரவளை வழியாக வெலிமடைக்குத் திரும்பும் காலி மரக்கறி லொறி ஒன்றை மறிக்கிறேன். டிரைவர் இரக்கப்பட்டு ஏறச் சொல்கிறார். ஆட்டைத் தூக்கி ஏற்றிவிட்டு அக்காவுடன் நானும் ஏறிக்கொள்கிறேன். வளைவுகளில் அது சரியாமல் பிடித்துக்கொள்கிறேன். அதன் கண்கள் மேலே செருகிக் கிடக்கின்றன.

“மூச்சு இருக்கா பாருங்க தம்பி,” என்று அக்கா வழிநெடுக கேட்கிறார். தானே தொட்டுப் பார்க்க அவருக்குப் பயம்.

நல்லவேளை, பண்டாரவளையில் டாக்டர் இருக்கிறார். வாய்வழியே குழாயை விட்டுக் காற்றை இறக்குகிறார், ஊசி போடுகிறார். வெகுநேரம் கழித்து ஆடு தட்டுத்தடுமாறி எழுந்து, நேராக மதிலோரப் புல்லில் வாய் வைக்கிறது. எனக்குச் சிரிப்பு வந்துவிடுகிறது.

அக்கா பதறி ஓடி அதன் வாயைப் பொத்துகிறார்.

“விடுங்கம்மா, இந்தப் புல்லு ஒண்ணும் செய்யாது,” என்கிறார் டாக்டர்.

“இங்க சரிங்க. நாளைக்கு எங்க தோட்டத்துல இத எங்க மேய விடுறது?”

அக்கா ஆட்டின் வாயிலிருந்து இன்னும் கையை எடுக்கவில்லை.