கேமராவுக்குள் திருநீறு

என் மகள் புதுக் கேமரா வாங்கியபோது தன் பழைய டிஜிட்டல் எஸ்எல்ஆர் கேமராவை என்னிடம் விட்டுவிட்டுப் போனாள். "சும்மா கெடக்குதுப்பா, காலைல பீச்சுப் பக்கம் நடக்கப் போறப்ப எடுத்துட்டுப் போங்க" என்றாள். நான் அதை எடுத்துக்கொண்டு போவதைவிடப் பத்திரப்படுத்துவதில்தான் அதிக நேரம் செலவிடுகிறேன்.

கடலிலிருந்து நாலு தெரு தள்ளி இருக்கிறது எங்கள் வீடு. ஜன்னல் கம்பியே உப்புக் காற்றில் பொரிந்து உதிர்கிறது; லென்ஸ் எம்மாத்திரம். மழைக்காலம் வந்தால் அதன் உள்ளே சிலந்தி வலை போலப் பூஞ்சை படர்ந்துவிடும். அதனால் காற்றுப் புகாத ஒரு பிளாஸ்டிக் டப்பாவில், ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களுக்கு நடுவே அதைப் படுக்க வைத்திருக்கிறேன். பேட்டரியைக் கழற்றித் தனியே வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை வெளியே எடுப்பேன். லென்ஸ் மாற்ற வேண்டுமென்றால் முதலில் மின்விசிறியை நிறுத்துவேன். கேமராவின் வாய் தரையைப் பார்க்கும்படி பிடித்துக்கொள்வேன். தூசி இருந்தால் ரப்பர் பல்பை அமுக்கித்தான் ஊதுவேன், வாயால் ஊத மாட்டேன். உள்ளே சாய்வாக இருக்கும் சின்னக் கண்ணாடியை விரலாலோ துணியாலோ தொடவே மாட்டேன்.

"அப்பா, அது கேமராப்பா. பச்சக் கொழந்த இல்ல" என்று மகள் போனில் சிரிப்பாள். நானும் சிரித்துவைப்பேன். அப்படி ஒரு கண்ணாடியை நான் ஒருமுறை தொட்டிருக்கிறேன் என்பதை அவளிடம் சொன்னதில்லை. யாரிடமும் சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. அப்பாவின் தம்பி, என் சித்தப்பா, பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட எங்கள் ஊரில் பலரைப் போலப் பிரெஞ்சு ராணுவத்தில் சேர்ந்து சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, இருந்தார். மூன்று மாத லீவில் வந்தவர் கழுத்தில் ஒரு கேமராவோடு வந்தார். பிலிம் போடுகிற கேமராதான், ஆனால் உள்ளமைப்பு இன்று என் டப்பாவில் இருப்பதைப் போலத்தான். லென்ஸுக்குப் பின்னால் கண்ணாடி. பொத்தானை அமுக்கினால் அது டப்பென்று மேலே தாவும். அதற்கும் பின்னால் ஒரு திரை கண்ணிமைக்கும் நேரம் திறந்து மூடும்.

அம்மாவின் அண்ணன், என் மாமா, எங்கள் வீட்டிலேயே இருந்தார். பஞ்சாலையில் வேலை. கல்யாணம் ஆகவில்லை. தினமும் குளித்தவுடன் நெற்றி நிறையத் திருநீறு பூசுவார். அதன் பிறகு ஆலைக்குப் போய்ப் பஞ்சுத் தூசியில் தலை நரைத்துத் திரும்புவார். இருமல் அவரை விட்டுப் போனதே இல்லை. பஞ்சை விட்டால்தான் நெஞ்சு தேறும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். விட்டால் வேறு எங்கே போவது என்பதை அவர்கள் சொல்லவில்லை.

அதைச் சொன்னவர் சித்தப்பா. அவரும் மாமாவும் ஒரே வகுப்பில் படித்தவர்கள், வாடா போடா என்று பேசிக்கொள்வார்கள்.

"மச்சான், நான் திரும்பிப் போறப்ப இத உங்கிட்டயே குடுத்துட்டுப் போறேன்டா. பிரான்சுக்குப் போவப் பேப்பரு போடறவன் அத்தினி பேருக்கும் போட்டோ வேணும். கல்யாணம், காதுகுத்துன்னு ஆயிரம் இருக்கு. பஞ்சுல கெடந்து ஏன் சாவற?"

மாமா வெறுமனே சிரித்தார்.

"சிரிக்காத. ஒரே ஒரு ரோலு தரேன், முப்பத்தாறு படம். அதப் பாத்துட்டுத்தான் குடுப்பேன். சாமானப் பாத்துக்கத் தெரியாதவன் கையில இதத் தர மாட்டேன்."

அன்று முதல் சாயங்காலம்தோறும் கூடத்தில் பாடம் நடந்தது. மாமா கை கழுவி, துண்டால் துடைத்துக்கொண்டு, கோயிலில் பிரசாதம் வாங்குபவர் போல இரண்டு கையையும் நீட்டிக் கேமராவை வாங்குவார். அவர் விரல் லென்ஸ் பக்கம் நகர்ந்தாலே சித்தப்பா "அத்தான்சியோன்!" என்று, ஜாக்கிரதை என்பதைப் பிரெஞ்சில் சொல்லி, பட்டாளத்துக் குரலில் அதட்டுவார். முதலில் வாரைக் கழுத்தில் மாட்டு. கடற்கரையில் லென்ஸைக் கழற்றாதே. கண்ணாடியைத் தொடாதே, அழுக்காகத் தெரிந்தாலும் தொடாதே, அந்த அழுக்கு படத்தில் விழாது. இருமல் வந்தால் மாமா அவசரமாகக் கேமராவைச் சித்தப்பாவிடம் கொடுத்துவிட்டுக் கொல்லைப்பக்கம் ஓடுவார். இருமி முடித்து, மறுபடி கை கழுவிக்கொண்டு வந்து உட்காருவார். அவ்வளவு கவனமாக ஒருவர் எதையும் கற்றுக்கொண்டு நான் பார்த்ததில்லை.

நான் மூலையில் வீட்டுப்பாடம் எழுதுவதாகப் பேர். "உள்ள இருக்கற கண்ணாடிலதான்டா ஒலகமே வந்து விழுது" என்று சித்தப்பா சொன்னது மட்டும் மனதில் நின்றுவிட்டது. உலகம் விழுகிற கண்ணாடியை ஒருமுறை பார்த்துவிட வேண்டும்.

ஒரு சனிக்கிழமை மதியம் வாய்ப்புக் கிடைத்தது. சித்தப்பா நண்பரைப் பார்க்கப் போயிருந்தார், மாமா ஆலைக்கு, அம்மா அசதியில் தூங்கினாள். மறுநாள் மாமா வைத்திக்குப்பத்துக்குப் போய்ப் படம் எடுப்பதாக ஏற்பாடு, பிலிம்கூடப் போட்டாயிற்று. நான் நாற்காலி போட்டு ஏறி, அலமாரி மேலிருந்த கேமராவை இறக்கினேன். பக்கவாட்டுக் குமிழை அமுக்கி லென்ஸைத் திருகிக் கழற்றினேன். உள்ளே, தபால்தலையைவிடக் கொஞ்சம் பெரிய கண்ணாடி. உலகம் எதுவும் அதில் விழவில்லை. என் மூக்கின் ஒரு பகுதி தெரிந்தது.

உண்மையிலேயே கண்ணாடிதானா என்று தொட்டுப் பார்த்தேன்.

மதியம் அப்பளம் தின்ற விரல். ரேகை அப்படியே பதிந்துவிட்டது, எண்ணெயோடு. சட்டை நுனியால் துடைத்தேன். கண்ணாடி முழுக்கப் படர்ந்தது. வெள்ளிக்கிழமைதோறும் மாமா சாமி படங்களின் கண்ணாடியையும் விளக்குச் சிமினியையும் திருநீறு தொட்டுத்தான் துடைப்பார். எண்ணெய்ப் பிசுக்கெல்லாம் போய்ப் பளிச்சென்று ஆகிவிடும். எங்கள் வீட்டில் கண்ணாடி என்றால் அதற்கு மருந்து திருநீறுதான். நான் மாடத்திலிருந்து மாமாவின் திருநீற்று டப்பாவை எடுத்து வந்தேன். ஒரு சிட்டிகை போட்டு, துணியை விரலில் சுற்றித் தேய்த்தேன். தேய்க்கத் தேய்க்க எண்ணெய் போயிற்று. கண்ணாடி மட்டும் பளிச்சென்று ஆகவில்லை. வெண்மையாக ஒரு மங்கல் அதில் தங்கிவிட்டது. இடுக்குகளில் விழுந்த சாம்பலை வாயால் ஊதினேன். அது இன்னும் உள்ளே, பிலிமை மூடியிருக்கும் திரைப் பக்கம் போனது.

லென்ஸை மறுபடி பொருத்துவதற்குள் எனக்கு அழுகை வந்துவிட்டது. எப்படியோ க்ளிக் என்று உட்கார்ந்தது. விரல்களில் திருநீறு மிச்சம் இருந்தது. அதைத் தரையில் தட்டக் கூடாது, கால் பட்டால் பாவம் என்று சொல்லியிருக்கிறார்கள். ஒரு பாவத்தோடு நிறுத்திக்கொள்ளலாம் என்று மிச்சத்தை நெற்றியில் பூசிக்கொண்டேன்.

சாயங்காலம் மாமா வந்தார். என்னைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. அடித்துப் பிடித்துப் பூசிவிட்டாலும் அழித்துக்கொண்டு ஓடுகிறவன் நான்.

"என்னா மருமவனே, அதிசயமா இருக்கு! பரீச்ச வருதா?" என்றவர் குனிந்து, கோணலாக இருந்த என் பட்டையைத் தன் மூன்று விரல்களால் நேராக்கிவிட்டார். "இப்புடி இழுக்கணும். இப்பப் பாரு, லட்சணமா இருக்க."

மறுநாள் காலை மாமா என்னையும் கூடவே அழைத்துப் போனார். போகாமல் இருக்க வயிற்றுவலி என்றேன். கடற்காற்றுப் பட்டால் சரியாகிவிடும் என்றார். வைத்திக்குப்பம் கரையில் படகுகள் வந்து ஏறியிருந்தன. மாமா மணலில் மண்டியிட்டுக் கேமராவைக் கண்ணில் வைத்தார். கண்ணிலிருந்து இறக்கினார், கடலைப் பார்த்தார், மறுபடி வைத்தார். கண்ணைத் துண்டால் துடைத்துக்கொண்டார்.

கூடையோடு நின்றிருந்த மீன்காரம்மா பொறுமை இழந்தாள். "இன்னா அண்ணே, இம்மாநேரமா கண்ண மூடிக்கினு இருக்கற? நீ படம் புடிக்கறதுக்குள்ள என் மீனு கருவாடாயிடும்!"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள், மாமாவும் சிரித்தார். பிறகு என்னிடம் மெதுவாகக் கேட்டார். "மருமவனே, நீ பாரு. கொஞ்சம் மங்கலாத் தெரியுதா? எனக்குத்தான் கண்ணு போச்சா?"

நான் கேமராவில் கண்ணை வைத்தேன். கடலும் படகும் மீன்காரம்மாவும் பனிக்குள் நிற்பதுபோல் நின்றார்கள். அப்போது சொல்லியிருக்கலாம். இன்னும் ஒரு படம்கூட எடுத்திருக்கவில்லை. வீட்டுக்குப் போய்ச் சித்தப்பாவிடம் காட்டியிருந்தால் ஊதிச் சுத்தம் செய்திருப்பார். எனக்கு இரண்டு அறை விழுந்திருக்கும், அவ்வளவுதான்.

"இல்ல மாமா. நல்லாத்தான் தெரியுது" என்றேன்.

என் வாழ்க்கையில் நான் சொன்ன பொய்களில் இதைவிடப் பெரியவை உண்டு. இதைவிடக் கேவலமானது இல்லை. மாமா என் சொல்லை நம்பி, தன் கண்ணைச் சந்தேகித்து, முப்பத்தாறு படங்களையும் எடுத்தார்.

ஸ்டுடியோவில் கழுவித் தர நாலு நாள் ஆயிற்று. அந்த நாலு நாளும் வாசலில் யார் செருப்புச் சத்தம் கேட்டாலும் நான் கொல்லைப்பக்கம் போய்விடுவேன். சோறு இறங்கவில்லை. ஸ்டுடியோ தீப்பிடிக்க வேண்டும் என்று மாமாவின் சாமிகளிடமே வேண்டிக்கொண்டேன்.

ஐந்தாம் நாள் சித்தப்பா கவரோடு வந்து கூடத்தில் உட்கார்ந்தார். படங்களை ஒவ்வொன்றாகப் பாயில் போட்டார். படகு, வலை, மீன்காரம்மா சிரிக்கும் முகம். எல்லாவற்றிலும் மிளகைப் பொடித்துத் தூவியதுபோல் கறுப்புப் புள்ளிகள். சிலவற்றில் நீள நீளமாகக் கீறல். முதலில் ஸ்டுடியோக்காரனைத் திட்டினார். பிறகு ஏதோ தோன்றி, கேமராவை எடுத்து லென்ஸைக் கழற்றினார். நான் தூணைப் பிடித்துக்கொண்டேன்.

அவர் விரல் நுனியை இடுக்கில் வைத்து எடுத்து, மோந்து பார்த்தார்.

"திருநீறு!"

அப்பாவும் அம்மாவும் சித்தப்பாவும் ஒரே நேரத்தில் மாமாவின் நெற்றியைப் பார்த்தார்கள். எங்கள் வீட்டில் திருநீறு நிறைந்திருந்த நெற்றி அது ஒன்றுதான்.

"என்னாடா மச்சான் இது?"

மாமா பாயில் கிடந்த படங்களைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "நாந்தான் மாப்ள. கொஞ்சம் அழுக்கா இருந்தாப்புல தெரிஞ்சிது. சிமினி தொடைக்கற மாதிரி தொடச்சிட்டேன்."

"தொடச்சியா? படிச்சிப் படிச்சி சொன்னேனேடா, தொடாத தொடாதன்னு! பதினஞ்சு நாளு யாருக்கு சொன்னேன், செவுத்துக்கா?" சித்தப்பாவின் குரல் உடைந்தது. கோபத்தைவிட ஏமாற்றம்தான் அதில் அதிகம் இருந்தது. "ஒனக்கு இது சரிப்படாதுடா. பஞ்சு மூட்டதான் ஒனக்கு."

கேமரா பெட்டிக்குள் போயிற்று. லீவு முடிந்ததும் சித்தப்பாவோடு கப்பலேறியது. மாமா ஆலைக்குப் போனார். அதற்குப் பிறகும் பல வருஷம் போனார். நான் காலேஜில் படித்துக்கொண்டிருந்தபோது அந்த இருமலிலேயே போய்விட்டார். சுவரில் மாட்ட ஒரு படம் தேடினோம், கிடைக்கவில்லை. அந்த முப்பத்தாறில் எதிலும் அவர் இல்லை, எடுத்தவர் அவர்தானே.

மாமா நாந்தான் என்று சொன்ன அன்று எனக்கு ஏற்பட்டது நிம்மதி. அதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். மாமா பொய் சொல்ல மாட்டார் என்பது எங்கள் வீட்டில் எல்லோரும் ஒப்புக்கொண்ட விஷயம். ஆகையால் நான் ஒரு கணக்குப் போட்டேன்: எனக்குப் பிறகு மாமாவும் துடைத்திருக்கிறார். அப்படியானால் தப்பில் பாதிதான் என்னுடையது. பெரிய பாதி அவருடையது, ஏனென்றால் அவர் பெரியவர். அன்று ராத்திரி வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுத் தூங்கினேன்.

ஒன்று மட்டும் அப்போது விளங்கவில்லை. "திருநீறு!" என்று சித்தப்பா சொன்னபோது எல்லோரும் மாமாவின் நெற்றியைப் பார்த்தார்கள் இல்லையா, அப்போது மாமா மட்டும் திரும்பி, தூணருகே நின்ற என் நெற்றியைப் பார்த்தார். கோபமாக இல்லை. மங்கலாகத் தெரிந்த ஒன்று கடைசியில் தெளிவாகிவிட்டதைப் போல, சற்று நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். நெற்றியில் ஏதாவது ஒட்டியிருக்கிறதோ என்று நான் கையால் தடவிப் பார்த்தேன்.

ஒன்றும் இல்லை.