பஸ் ஏறாதவர்கள்

சிங்கப்பூரில் எங்கள் தொகுதி எம்.பி.யை எதிர்த்து நிற்க ஆளே இருந்ததில்லை. வேட்புமனுத் தாக்கல் நாளன்றே ஜெயித்துவிடுவார். அதனால் இந்த வீட்டுக்கு வந்த பிறகு நான் ஓட்டே போட்டதில்லை. எண்பதுகளில் ஒரு தேர்தலில்தான் முதல்முறையாக யாரோ ஒரு கணக்காளர் எதிர்த்து நின்றார். முதலில் எல்லோரும் சிரித்தார்கள். அவர் பேசிய திடல்கள் நிரம்பத் தொடங்கியதும் சிரிப்பு நின்றது.

என் கணவர் எம்.பி.யின் ஆள். வாரா வாரம் எம்.பி. மக்களைச் சந்திக்கும் மாலையில் நாற்காலி போடுவார், வரிசையைப் பார்த்துக்கொள்வார். எங்களுக்குள் அரசியல் பேச்சு கிடையாது. ஆனால் பட்டதாரி அம்மாக்களின் பிள்ளைகளுக்குப் பள்ளியில் முன்னுரிமை என்று அப்போது அரசாங்கம் சொல்லியிருந்ததில் எனக்கு ஒரே வயிற்றெரிச்சல். நான் செகண்டரி டூவோடு படிப்பை நிறுத்தியவள். அதற்கு என் மகள் என்ன பாவம் செய்தாள்?

சிராங்கூன் சாலை தையல்கடையில் ரவிக்கை வாங்கி வருவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். போனது கணக்காளரின் கூட்டத்துக்கு. உள்ளே போனால் யார் கண்ணிலாவது பட்டுவிடுவேன் என்று திடலுக்கு எதிரே இருந்த பஸ் நிறுத்தத்தில் நின்றுகொண்டேன். அங்கே ஏகப்பட்ட பேர். பஸ் வந்தது, கதவு திறந்தது, யாரும் ஏறவில்லை. அடுத்ததும் அப்படியே போயிற்று. டிரைவர் முறைத்தார். எல்லோரும் பஸ் வரும் திசையைப் பார்த்தபடி காதைத் திடலுக்குக் கொடுத்திருந்தோம். கையில் செய்தித்தாள் வைத்திருந்த ஒருவர் எங்களை எண்ணுவதுபோல் எனக்குப் பட்டது.

அப்போதுதான் தூணுக்கு அந்தப் பக்கம் என் கணவரைப் பார்த்தேன். இவருக்கு இங்கே என்ன வேலை? யார் யார் வருகிறார்கள் என்று பார்த்துச் சொல்ல அனுப்பியிருப்பார்கள். என்னைப் பார்த்துவிட்டாரா என்று தெரியவில்லை. அடுத்து வந்த பஸ்ஸில் நான் ஒருத்திதான் ஏறினேன்.

வீட்டில் அவர் எதுவும் கேட்கவில்லை. ரவிக்கை எங்கே என்றுகூடக் கேட்கவில்லை. அதுதான் உறுத்தியது. என் பெயரையும் சொல்லியிருப்பாரோ? பெண்டாட்டியைக் காட்டிக்கொடுக்கிற மனிதரோடா இத்தனை வருஷம் குடித்தனம் செய்தேன் என்று தட்டை ணங்கென்று வைத்தேன். அவர் போனை எடுத்தால் சமையலறைக் குழாயை மூடிவிட்டு ஒட்டுக்கேட்டேன்.

எம்.பி. ஜெயித்தார், மயிரிழையில். நன்றி சொல்ல வீடு வீடாக வந்தவர் எங்கள் வீட்டில் உட்கார்ந்தார். முகத்தில் பழைய களை இல்லை. நான் சூடாகக் கலந்து கொடுத்த மைலோவை வாயில் வைக்காமலே கணவரிடம் மலாயில் கேட்டார், திடலுக்கு உன்னை அனுப்பினேனே, இந்த பிளாக்கிலிருந்து யாரையெல்லாம் பார்த்தாய் என்று. நான் சந்தேகப்பட்டது சரிதான். சமையலறை வாசலிலேயே நின்றுவிட்டேன்.

கணவர் யோசிக்கவேயில்லை. தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லை என்றார். எம்.பி. அவரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். மைலோவை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனார். அதன் பிறகு நாற்காலி போட இவரைக் கூப்பிடவேயில்லை.

கதவைச் சாத்தியதும் கேட்டேன். “நெசமாவே நீங்க என்னைப் பாக்கலையா?”

“நீயும் வந்திருந்தியா?” என்றார். “நான் பேச்சைக் கேட்டுட்டு இருந்துட்டேன் லா.”

நடிக்கிறாரா என்று முகத்தை உற்றுப் பார்த்தேன். கண்டுபிடிக்க முடியவில்லை. யாருக்கு ஓட்டுப் போட்டீர்கள் என்று கேட்க வாயெடுத்தேன். அவரும் என்னிடம் அதையேதான் கேட்க வந்தவர்போல் நின்றார். ஆறிப்போன மைலோவை ஆளுக்குப் பாதியாக ஊற்றினேன்.